பஞ்சு வைத்த பாட்டு

பாட்டு மறுபடியும் திரும்பி வந்தது. கூடவே காலையிலிருந்து வருகிற அதே ஒற்றை வரி: 'க்ளிக் சத்தம் உள்ளது. நீக்கி அனுப்பவும்.'

செங்குட்டுவன் திரையை முறைத்தான். திருப்பி அனுப்பியது ஒரு மனிதனாக இருந்தால் ஃபோன் போட்டுச் சண்டையாவது பிடிக்கலாம். ஆனால் இசை நிறுவனத்தின் வாசலில் உட்கார்ந்திருப்பது ஒரு நிரல். எந்த ஊரிலிருந்து எந்தப் பாட்டு வந்தாலும் முதலில் அதுதான் கேட்கும். கொஞ்சம் பிசிறு இருந்தாலும் உள்ளே விடாது. தொழிலில் இருப்பவர்கள் அதற்கு வைத்திருக்கும் செல்லப் பெயர் வாட்ச்மேன். டீ வாங்கிக் கொடுத்துச் சரிக்கட்ட முடியாத ஒரே வாட்ச்மேன்.

"என்னவாம்?" என்று அவன் மனைவி மங்கை கேட்டாள். தொண்டைக்கு இதமாக வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"அதே க்ளிக்."

க்ளிக் என்பது பாடுகிறவர் காதுக்குள் ஓடும் தாளம். டக், டக், டக் என்று ஹெட்ஃபோனில் அவருக்கு மட்டும் கேட்க வேண்டும். சில நேரம் அது ஹெட்ஃபோனை விட்டுக் கசிந்து மைக்கில் ஏறிவிடும். வீட்டில் ஒலிப்பதிவு செய்கிற எல்லோருக்கும் ஜலதோஷம் மாதிரி வந்து போகிற வியாதிதான். ஸ்டூடியோக்கள் எல்லாம் கல்யாண மண்டபங்களாகிவிட்ட பிறகு சினிமாப் பாட்டு முழுக்க வீடுகளில்தான் பதிவாகிறது. சாலிகிராமத்தில் யார் வீட்டில் க்ளிக் கசிந்தாலும் செங்குட்டுவனைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவன் வீட்டிலேயே கசிவு என்றால் மானப் பிரச்சினை இல்லையா?

காலையிலிருந்து தனக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாம் பார்த்துவிட்டான். க்ளிக்கின் சத்தத்தைக் குறைத்தான். காதை இறுக்கி மூடும் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டான். அதன் மேல் ஒரு துண்டைச் சுற்றிக் கட்டினான். மங்கை பல்வலிக்காரி போல உட்கார்ந்து பாடினாள். கேபிளை மாற்றினான். ஃபோனை அணைத்தான். கடைசிக் கோப்பில் தாளத்தையும் சேர்த்துச் சேமித்துவிட்டோமோ என்று நோண்டிப் பார்த்தான். இல்லை. கடைசியில் க்ளிக்கையே நிறுத்திவிட்டு, "தாளம் உன் மனசுல ஓடட்டும், பாடு" என்றான். பாடினாள்.

அந்தக் கோப்புதான் இப்போது திரும்பி வந்திருக்கிறது. க்ளிக்கே ஓடாத பாட்டில் க்ளிக் இருக்கிறதாம்.

வேறொரு நாளாக இருந்தால் சிரித்துவிட்டுப் பிரியாணி சாப்பிடப் போயிருப்பார்கள். இன்று முடியாது. மங்கை ட்ராக் பாடகி. பெரிய பாடகி ஸ்வரூபா தன் குரலை ஒரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, கோத்தகிரியில் கேரட் பயிரிட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறாள். ஆனாலும் மாதம் தவறாமல் ஸ்வரூபா பாடிய புதுப் பாட்டு வருகிறது. எப்படி? மங்கை பாடுவாள். ராகம், மூச்சு, குழைவு, அழுகை எல்லாம் அவளுடையது. அதன் மேல் இயந்திரம் ஸ்வரூபாவின் குரலைப் போர்த்தும். தொழிலில் அதற்குப் பெயரே போர்வை. போர்வை போட்டதும் அடியில் இருக்கும் மங்கையின் குரலைத் தூக்கிவிடுவார்கள். இருபது வருடமாகத் தெருவெல்லாம் ஒலிப்பது அவள் பாடிய பாட்டு. அவள் குரல் ஒரு பாட்டில் கூட இல்லை.

முந்தின நாள்தான் அதிசயம் நடந்தது. இசையமைப்பாளர் ஆரோன், போர்வை போடுவதற்கு முன் அவளுடைய ட்ராக்கை ஒரு தரம் முழுசாகக் கேட்டிருக்கிறார். நிலாவுக்கு வேலைக்குப் போகும் மகளை வழியனுப்பிவிட்டு வந்த அம்மா, வீட்டில் மீந்துபோன இட்லி மாவைப் பார்த்துப் பாடும் பாட்டு அது. 'ரெண்டு பேர் மாவு இது, யாருக்கு?' என்று ஒரு வரி. அந்த 'யாருக்கு'வில் மங்கையின் குரல் லேசாக உடையும். ஆரோன் ஃபோன் செய்து, இந்தப் பாட்டு உங்கள் குரலிலேயே போகட்டும், சுத்தமாக ஒரு தரம் பாடி அனுப்புங்கள் என்றார். படத்தின் ஒலி வேலை மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு முடிகிறது. அதற்குள் வாட்ச்மேனைத் தாண்டிப் பாட்டு வந்து சேராவிட்டால் வேறு வழியில்லை, போர்வைதான் என்பதையும் வருத்தத்தோடு சொன்னார்.

இப்போது மதியம் தாண்டிவிட்டது.

செங்குட்டுவன் கண்ணை மூடிக்கொண்டு பாட்டை ஓடவிட்டான். மேஜையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே கேட்டான். மெல்லிசாக ஒரு 'ட்ச்'. அப்புறம் வெகுநேரம் ஒன்றும் இல்லை. அடுத்த சரணத்தில் இன்னொன்று. 'யாருக்கு' முடிகிற இடத்தில் மட்டும் சற்று அழுத்தமாக.

"மங்கை, இந்த க்ளிக் தாளத்துலயே இல்ல" என்றான். தாளம் தப்புகிற க்ளிக்கை அவன் இதுவரை பார்த்ததில்லை. கேட்டதுமில்லை.

சந்தேகம் பஞ்சு மேல் திரும்பியது. பஞ்சு என்பது தரமணியில் நாலைந்து இளசுகள் சேர்ந்து செய்த நிரல். வீட்டில் பாடுகிறவர்களுக்கு வரப்பிரசாதம். ஆட்டோ ஹாரன், குக்கர் விசில், நாய், பக்கத்து வீட்டு மாமியார், எல்லாவற்றையும் பாட்டிலிருந்து உருவி எடுத்துவிடும். அதை அணைத்துவிட்டுக் கேட்டான். க்ளிக் இல்லை. பதிலுக்கு, தெருமுனையில் குழாய் பதிக்கிறவர்கள் துளை போடும் சத்தமும் மாடி வீட்டு மிக்ஸியும் ஜோராகக் கேட்டன. பஞ்சுவைப் போட்டான். துளை போச்சு, மிக்ஸி போச்சு, க்ளிக் வந்தது.

தரமணிக்கு ஃபோன் செய்தான். முதலில் ஒரு இயந்திரம் தேனொழுகப் பேசியது. அது கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, கெஞ்சி, கடைசியில் நர்மதா என்று ஒரு பெண்ணைப் பிடித்தான். பஞ்சுவை எழுதியவர்களில் அவளும் ஒருத்தியாம். அந்த இடத்தை அவளுக்கு ஓட்டிக் காட்டினான். மறுமுனையில் அடக்க முடியாமல் சிரிக்கும் சத்தம்.

"சாரி சார். அது க்ளிக் இல்ல. உச்சு."

"என்னது?"

"உச்சு சார். நாக்கை மேல ஒட்டி எடுத்து உச்சுக் கொட்டுவோமே. நீங்க கூட என்கிட்ட பேச ஆரம்பிச்சதுலேருந்து நாலு தரம் கொட்டிட்டீங்க."

செங்குட்டுவன் அனிச்சையாக ஐந்தாவது தரமும் கொட்டினான். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டான். மங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

நர்மதா விளக்கினாள். ஒரு பாட்டிலிருந்து ஹாரனை உருவினால் அந்த இடத்தில் ஓட்டை விழும். ஓட்டையைச் சும்மா விட்டால் சுடுகாடு மாதிரி இருக்கும், காதுக்குப் பிடிக்காது. அதனால் அங்கே ஒரு வீட்டின் அமைதியை அடைக்க வேண்டும். வீட்டின் அமைதி எப்படி இருக்கும் என்று பஞ்சுவுக்குச் சொல்லிக்கொடுக்க, லட்சக்கணக்கான வீடுகளின் பதிவுகளைக் கேட்க வைத்தார்கள். ஒருத்தர் பாட, மற்றவர்கள் சும்மா உட்கார்ந்து கேட்கிற வீடுகள்.

"நம்ம ஆளுங்க சும்மா உட்கார்ந்து கேக்க மாட்டாங்க சார். மனசைத் தொட்டா உச்சுக் கொட்டுவாங்க. பஞ்சு அதையும் அமைதியிலேயே சேர்த்துப் படிச்சிடுச்சு. இப்ப எங்க ஓட்டை விழுந்தாலும், பாட்டுல அந்த மாதிரி ஒரு இடம் வந்தா, தானா ஒரு உச்சையும் வெச்சு அடைச்சிடுது. வெளிநாட்டுல செஞ்ச வாட்ச்மேனுக்கு உச்சுன்னா என்னன்னு தெரியாது. க்ளிக்குன்னு எழுதித் திருப்பிடறான்."

இந்தக் கோளாறைச் சரிசெய்ய ஒரு மாதமாவது ஆகும் என்றும் சொன்னாள். செங்குட்டுவன் மறுபடி கொட்ட வாயெடுத்து நிறுத்திக்கொண்டான்.

மங்கை ஃபோனைத் தன் பக்கம் இழுத்தாள். "ஏம்மா, அந்த வீட்டுக்காரங்களுக்கெல்லாம் இது தெரியுமா? அவங்க உச்சு என் பாட்டுல வர்றது?"

ஏதோ ஒரு செயலியில் சம்மதம் என்று அழுத்தியிருப்பார்கள், யார் அதையெல்லாம் படிக்கிறார்கள் என்றாள் நர்மதா. அதில் சில பதிவுகள் ரொம்பப் பழசு, அந்த மனிதர்கள் இப்போது இருக்கிறார்களோ இல்லையோ என்று அவள் சொன்னபோது, சிரிப்பு கொஞ்சம் குறைந்திருந்தது.

மங்கை கேட்டாள்: "அது எந்த உச்சு?"

"புரியல மேடம்."

"ஐயோ பாவம்னு கொட்டற உச்சு இருக்கு. சீ, கெடுத்துட்டாளேன்னு எரிச்சல்ல கொட்டறது இருக்கு. கச்சேரில நல்லா இருந்தா தலையாட்டிக்கிட்டே கொட்டுவாங்க, அது இருக்கு. என் பாட்டுக்கு வந்தது எது?"

"பதிவுக்கெல்லாம் பேர் எழுதின பசங்க எல்லாத்துக்கும் உச்சுன்னு ஒரே பேரா போட்டுட்டாங்க மேடம்" என்றாள் நர்மதா. "பஞ்சுவுக்கு வித்தியாசம் தெரியாது. எனக்கும் தெரியல."

ஃபோனை வைத்த பிறகு மங்கை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செங்குட்டுவன் அவளைத் தேற்றப் பார்த்தான். இயந்திரம் கொட்டியதற்கெல்லாம் அர்த்தம் தேடினால் நாளைக்கு மிக்ஸி பாராட்டியது, கிரைண்டர் திட்டியது என்று ஆகிவிடும் என்றான். அவள் சிரிக்கவில்லை.

"இருபது வருஷத்துல, நேத்து ஆரோன் சாரைத் தவிர, என் பாட்டைக் கேட்டு யாரும் எதுவும் சொன்னதில்ல குட்டு. சொன்னாலும் ஸ்வரூபாவைத்தான் சொல்வாங்க. இன்னைக்குத்தான் முதல் தடவையா நாலு பேர் என் குரலுக்குன்னு ஏதோ சொல்லியிருக்காங்க. அது பாவம்னு சொன்னதா இருந்தா?"

பதில் தெரியாத நேரத்தில் வேலையில் இறங்குவதுதான் அவன் வழக்கம். எழுந்தான். பஞ்சுவே வேண்டாம், பச்சையாகப் பதிவு செய்வோம் என்று தீர்மானமாகச் சொன்னான்.

சாலிகிராமத்தில் பச்சையாகப் பதிவு செய்வது என்றால் சும்மாவா? மாடி வீட்டு சில்வியா அக்காவிடம் போய் மிக்ஸியை நிறுத்தச் சொன்னான். அவள், சட்னிக்குப் பாதி அரைத்தாகிவிட்டது, பாட்டு முக்கியமா சட்னி முக்கியமா என்று கேட்டாள். மங்கையின் குரலிலேயே வரப்போகும் பாட்டு என்றதும், மிக்ஸியோடு டிவியையும் அணைத்து, பேரனையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்கே போய்விட்டாள். தெருமுனையில் துளை போடுகிறவர்களை டீ குடிக்கப் போகச் சொன்னான். இப்போதுதான் குடித்தோம் என்றார்கள். இன்னொரு டீ, கூட வடை என்று பேரம் படிந்தது. ஃப்ரிட்ஜை அணைத்தான். மின்விசிறியை அணைத்தான். கம்ப்யூட்டருக்குள் சுற்றும் சின்ன விசிறியின் சத்தமும் மைக்கில் ஏறும் என்பதால், அதை நீளமான கேபிளோடு கூடத்தில் கொண்டுபோய் வைத்தான்.

அதனால் ஒரு சங்கடம். பதிவு நடக்கும்போது செங்குட்டுவன் திரையைத்தான் பார்ப்பான். ஏறி இறங்கும் அலைகளில் எது தூக்கல், எது பிசிறு என்பதிலேயே அவன் கண் இருக்கும். இன்று திரை அடுத்த அறையில். படுக்கையறையில் அலமாரிக் கதவைத் திறந்துவைத்து, போர்வைகளும் புடவைகளும் தொங்க, நடுவில் மைக். அதன் முன்னால் ஹெட்ஃபோன் இல்லாமல், க்ளிக் இல்லாமல் மங்கை. இரண்டடி தள்ளிக் கட்டில் விளிம்பில் அவன். பார்ப்பதற்கு அவளைத் தவிர வேறொன்றும் இல்லை.

மங்கை பாடினாள்.

வாசல் கதவைத் திறக்கும் அம்மா வந்தாள். வெறும் கூடம் வந்தது. சமையலறை வந்தது. மாவுப் பாத்திரத்தின் மூடியைத் திறந்தாள். 'ரெண்டு பேர் மாவு இது, யாருக்கு?' அந்த இடத்தில் அவள் குரல் உடைந்தது. நேற்று உடைந்தது போல லேசாக இல்லை. ஒரு நூல் அறுந்து, அடுத்த வரியில் அதுவே தன்னை முடிச்சுப் போட்டுக்கொண்டு மேலே போனது. கடைசி வரியை முடித்துவிட்டு அவள் மூச்சு விடவும், தெருமுனையில் வடை தீர்ந்து துளை போடும் சத்தம் தொடங்கவும் சரியாக இருந்தது.

இரண்டு பேரும் கூடத்துக்கு ஓடிப்போய்க் கேட்டார்கள். பளிங்கு மாதிரி இருந்தது. சரணம் வந்தது. 'யாருக்கு' வந்தது.

உச்சு.

"பஞ்சுவை அணைக்கலையா?" என்றாள் மங்கை.

"அணைச்சாச்சு."

"அப்புறம் எப்படி?"

செங்குட்டுவன் அந்த இடத்தை மறுபடி ஓட்டினான். மூன்றாவது தரம் கேட்டபோது அவன் காது சிவந்தது.

"அது நான்தான்" என்றான்.

தனக்குத் தெரியாமலே கொட்டியிருக்கிறான். அவள் குரலின் வால் மேலேயே போய் உட்கார்ந்திருந்தது அது. கையால் வெட்டிப் பார்த்தான். அவளுடைய மூச்சும் சேர்ந்து வெட்டுப்பட்டது. வேறு வழியில்லாமல் பஞ்சுவை அந்த ஒரு இடத்துக்கு மட்டும் போட்டான். பஞ்சு அவனுடைய உச்சை அழகாக உருவியெடுத்துவிட்டு, விழுந்த ஓட்டையில் யாரோ ஒருவருடைய உச்சை வைத்து அடைத்தது. பஞ்சுவைத் திரும்பவும் அணைத்தான்.

"இன்னொரு தரம் பாடேன்" என்று கெஞ்சினான். "நான் வெளியில போய் நிக்கறேன்." ஜன்னலுக்கு வெளியே துளை போடும் சத்தம் வீட்டையே அதிரவைத்துக்கொண்டிருந்தது.

மங்கை வேண்டாம் என்று தலையாட்டினாள். "இன்னொரு தரம் பாடினா இதைப் பார்த்துப் பாடின ட்ராக் மாதிரி ஆயிடும். உன் உச்சோட இதையே அனுப்பு. ஆரோன் சாருக்கும் தனியா ஒண்ணு அனுப்பு, கொட்டினது நீதான்னு சொல்லிடு."

"உன் சான்ஸைக் கெடுத்துட்டேன் மங்கை."

"அதை விடு. அது எந்த உச்சு? அதைச் சொல்லு முதல்ல."

அவன் யோசித்தான். பாவமா, எரிச்சலா, ரசனையா என்று மனதுக்குள் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தான். எதுவும் முழுசாகப் பொருந்தவில்லை.

"தெரியல" என்றான். "வந்துடுச்சு."

மங்கை வெந்நீர் டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். முகத்தில் கோபம் இல்லை. என்ன இருந்தது என்பதைக் கண்டுபிடிக்க அவனுக்கு அவகாசம் இல்லை. பாட்டை அனுப்ப வேண்டியிருந்தது.

வாட்ச்மேன் ஒரே நிமிஷத்தில் திருப்பி அனுப்பினான். 'க்ளிக் சத்தம் உள்ளது.' சற்று நேரத்தில் ஆரோனின் உதவியாளர் கூப்பிட்டு, மன்னிக்கச் சொல்லி, போர்வை போட ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னார். செங்குட்டுவன் அதை மங்கையிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே சமையலறைக்குப் போனான். அவள் முகத்தைப் பார்த்ததும் தேவையில்லை என்று தெரிந்தது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வந்ததற்கு வெங்காயத்தைக் காரணம் காட்டுகிற பழைய வித்தையை அவள் செய்யவில்லை. அழுதுகொண்டேதான் நறுக்கினாள்.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி ஃபோன் அடித்தது. இந்தத் தரம் ஆரோனே பேசினார். எப்போதும் நிதானமாகப் பேசுகிறவர், இன்று மூச்சு வாங்கப் பேசினார். போர்வை போட்டாராம். அவசரத்தில் அந்த உச்சை அப்படியே விட்டுவிட்டாராம். போர்வை குரலைத்தான் மாற்றும், உச்சைத் தொடாது.

"ஸ்வரூபா குரல் அந்த இடத்துல உடையவே இல்லீங்க மங்கை. அவங்க வித்த குரல்ல எங்கயுமே உடைஞ்சதில்ல, அப்புறம் இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி வழவழன்னு போகுது. ஒண்ணுமே நடக்காத இடத்துல உங்க வீட்டுக்காரர் உச்சுக் கொட்டறார். பொய் சொல்ற மாதிரி இருக்கு."

மங்கை கத்தியைக் கீழே வைத்தாள்.

உச்சை எடுத்துவிட்டுக் கேட்டாராம். பொய் போய்விட்டது, பாட்டும் போய்விட்டது. கடைசியில் போர்வையைத் தூக்கிவிட்டு அவள் குரலை வைத்துக் கேட்டாராம்.

"அப்ப அவர் சொல்றது உண்மைன்னு தெரிஞ்சுதுங்க" என்றார் ஆரோன். "ரெண்டும் இருக்கட்டும். உங்க குரலும் அவர் உச்சும்."

செங்குட்டுவனால் பொறுக்க முடியவில்லை. ஃபோனுக்குள் தலையை நீட்டி, வாட்ச்மேன் விடமாட்டானே சார் என்றான்.

ஆரோன் சிரித்தார். வாட்ச்மேன் வேண்டாத சத்தத்தைத்தான் தடுப்பானாம். வாத்தியம் என்று சொல்லிவிட்டால் வாயைத் திறக்க மாட்டானாம். வாத்தியப் பட்டியலில் மோர்சிங், கஞ்சிராவுக்குப் பக்கத்தில் 'வாய்: செங்குட்டுவன்' என்று சேர்த்து அனுப்பினேன், கதவைத் திறந்துவிட்டான் என்றார்.

படம் வெளியான அன்று, வடபழனியில் இன்னும் மூடாமல் இருந்த ஒரு தியேட்டருக்கு இருவரும் போனார்கள். கூட்டம் நெரிந்தது என்று சொல்ல முடியாது, பாதி நிரம்பியிருந்தது. சில்வியா அக்கா பேரனோடு முன்வரிசையில் இருந்தாள். மங்கை படத்தைப் பார்க்கவில்லை. தன் வரிசையில் இருந்த முகங்களையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிலாவுக்குப் போகும் வண்டி கிளம்பியது. அம்மா வீட்டுக்கு வந்தாள். மங்கையின் குரல், அவளுடைய சொந்தக் குரல், போர்வை எதுவும் இல்லாமல் தியேட்டரின் நான்கு சுவர்களிலிருந்தும் வந்தது.

செங்குட்டுவன் இருக்கையில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். தன் வாத்தியம் இத்தனை பெரிய ஒலிபெருக்கியில் எப்படிக் கேட்கிறது என்று தெரிந்துகொள்ள அவனுக்கு அடக்க முடியாத ஆசை. மாவுப் பாத்திரத்தின் மூடி திறந்தது. 'யாருக்கு?' குரல் உடைந்தது.

இருட்டில் எங்கிருந்தோ ஒரு உச்சு. உடனே பின்வரிசையில் ஒன்று. அப்புறம் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், பால்கனியில். சட்டென்று தூறல் விழுகிற மாதிரி தியேட்டர் முழுக்க நாக்குகள் ஒட்டிப் பிரிந்தன. சிலருக்குப் பாவம், சிலருக்கு வேறென்னவோ. அவரவருக்கே தெரிந்திருக்காது. அவனுடையது அந்தச் சத்தத்துக்குள் எங்கோ போய்விட்டது.

"என் உச்சு கேக்கவே இல்ல மங்கை" என்று அவள் காதில் கிசுகிசுத்தான். நிஜமாகவே வருத்தமாக இருந்தது அவனுக்கு.

மங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திரையிலிருந்து பார்வையை எடுக்காமல், இருபது வருட அனுபவத்தோடு சொன்னாள்:

"தூக்கிட்டாங்க போல. பழகிக்கோ."